எண்பதை விஞ்சாதவிடத்து

செல்லாச்சியின் சவப்பெட்டியைத் தூக்கிய அதே நிமிடத்தில் சறோஜினிதேவி ரீச்சரின் போனும் உயிரை விட்டது. பெட்டி வாசல் படலையைத் தாண்டவில்லை. பறை உச்சத்தில் முழங்கிக்கொண்டிருந்தது. திரையின் மூலையில் பற்றறி முப்பத்து நான்கு வீதம் என்று காட்டியதை ரீச்சர் தன் கண்ணால் கண்டவர். அடுத்த கணம் திரை கறுத்துவிட்டது.

வேறு ஆளின் போன் என்றால் யாரும் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் சுருவில் ஊரில் பிறந்தவர்களில் பாதிப் பேர் ரொறன்ரோவிலும் பாரிசிலும் ஒஸ்லோவிலும் இருந்தார்கள். அவர்களுக்குத் திருவிழாவையும் கலியாணத்தையும் செத்தவீட்டையும் நேரலையில் காட்டுவது, ஓய்வுபெற்ற கணித ஆசிரியையான சறோஜினிதேவியின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை யாரும் அவரிடம் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டது. மற்றவர்கள் பிடித்தால் படம் ஆடும், விரல் மறைக்கும், இடையில் யாரோடாவது கதைத்துக்கொண்டு ஆகாயத்தைக் காட்டுவார்கள். ரீச்சர் பிடித்தால் அசையாது. முப்பத்தொரு வருசம் கவராயம் இல்லாமல் கரும்பலகையில் வட்டம் கீறிய கை.

குசினிப் பக்கம் ஓடிப்போய்ச் சார்ஜரில் செருகி, போன் கண்ணைத் திறக்கும்போது பெட்டி சந்தியைக் கடந்து போய்விட்டது. ஊர்க் குழுவுக்குள் எழுபத்து மூன்று செய்திகள் வந்து கிடந்தன. செல்லாச்சியின் மகள் ஜெயந்தா ரொறன்ரோவிலிருந்து குரல் செய்தி போட்டிருந்தாள். "அம்மா கடைசியாப் படலையாலை போறதைக்கூட என்னைப் பாக்க விடேல்லையே" என்று அழுகை. அது நெஞ்சைக் குடைந்தது. அதைவிட, பாரிசிலிருந்து தியாகலிங்கம் எழுதியிருந்த ஒரு வரி கூடுதலாகக் குடைந்தது. 'ரீச்சர் களைச்சுப்போனா போலை. ஓஃப் பண்ணிப்போட்டா.' கீழே கும்பிடுகிற கை ஒன்றும் போட்டிருந்தார்.

"ஓஃப் பண்ணிப்போட்டனாம்!" ரீச்சர் வீட்டுக்கு வந்து கைப்பையைக் கதிரையில் எறிந்தார். "இஞ்சாருங்கோ, நான் ஓஃப் பண்ணுவனோ?"

கணவர் அப்புத்துரை செத்தவீட்டுக்குப் போய்வந்து கிணற்றில் தோய்ந்து, வெங்காயம் பிடுங்கும் கவலையோடு இருந்தார். புகையிலையும் வெங்காயமும் செய்கிற மனிதர். ஒரு பொருள் பழுதானால் அதைப் பற்றிக் கோபப்படலாம் என்பதே அவருக்குத் தெரியாது.

"பழுதாப்போச்செண்டால் மாத்துவம்," என்றார்.

அந்தச் சொல் ரீச்சரை அலுமாரியிடம் கொண்டுபோனது. போன் வந்த பெட்டி, பில், உத்தரவாத அட்டை எல்லாம் ஒரு பொலித்தீன் பைக்குள் இருந்தன. வாங்கிப் பதினொரு மாதமும் பதினேழு நாளும். உத்தரவாதம் ஒரு வருசம். இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. ரீச்சர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார். அந்த அட்டையை அச்சடித்தவர்கள்கூட அப்படி வாசித்திருக்க மாட்டார்கள்.

மூன்று மொழியில் இருந்தது. தமிழில், 'மின்கலத்தின் கொள்ளளவு எண்பது வீதத்தை விஞ்சாதவிடத்து மாற்றீடு செய்து தரப்படும்' என்று ஒரு வசனம். ஆங்கிலத்தில், எண்பதுக்குக் கீழே இருந்தால் மாற்றித் தரப்படும். சிங்களம் ரீச்சருக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் இலக்கம் எல்லா மொழிக்கும் ஒன்றுதானே. அங்கே எழுபத்தைந்து என்று கிடந்தது. ஒரே நாட்டில் ஒரே பற்றறி மூன்று மொழியில் மூன்று வயதில் சாகலாம் போலிருந்தது.

மறுநாள் காலை அட்டையிலிருந்த இலக்கத்துக்கு அழைத்தார். இருபது நிமிடம் புல்லாங்குழல் கேட்டது. பிறகு ஒரு பெண்பிள்ளை வந்து, போனிலேயே பற்றறியின் நிலை காட்டும் இடம் ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்து எண்பதுக்குக் கீழே என்றால் யாழ்ப்பாணக் கிளைக்குக் கொண்டுபோகச் சொன்னாள்.

"கீழ இல்லாட்டி?"

"கீழ இல்லாட்டி வரவேண்டாம் மேடம். உங்களுக்கு வீண் அலைச்சல்."

அந்த இடம் போனுக்குள் எங்கே ஒளிந்திருக்கிறது என்று ரீச்சரால் கண்டுபிடிக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் பஸ் ஏறி வங்களாவடிச் சந்தியில் ஆரூரனின் போன் திருத்துகிற கடைக்குப் போனார்.

வேறு வழியில்லாமல் என்பதற்குக் காரணம் இருந்தது. ரீச்சருக்கு ஊர் ஆட்கள் பெயரோடு சேர்த்து, தன்னிடம் கணிதத்தில் எடுத்த புள்ளியாலும் ஞாபகம். பஸ் கொண்டக்டர் அறுபத்தொன்று. கோயில் ஐயர் நாற்பத்து நான்கு. கிராம சேவையாளர் எழுபத்தெட்டு, அதுவும் கவனயீனத்தால் பத்துப் புள்ளி போனது. ஆரூரன் இருபத்தெட்டு. இருபத்தெட்டு எடுத்த ஒருவனிடம் போய் ஒரு இலக்கத்தை வாசித்துச் சொல்லு என்று கேட்பது அவருக்கு வில்லங்கமாக இருந்தது.

ஆரூரன் கதிரையைத் துடைத்துப் போட்டான். போனை வாங்கி, நாலு இடத்தில் தட்டி, திருப்பிக் காட்டினான்.

"எண்பத்திரண்டு ரீச்சர். பாஸ்."

"பாஸோ? முப்பத்து நாலிலை பொத்தெண்டு விழுந்து செத்தது!"

"அது வேறை ரீச்சர். முப்பத்து நாலெண்டது அண்டைக்கு மிஞ்சியிருந்த சார்ஜ். எண்பத்திரண்டெண்டது பற்றறியின்ர சீவன். புதிசிலை நூறு கொள்ளும். இப்ப எண்பத்திரண்டுதான் கொள்ளுது. பற்றறி பழசாக, மிச்சம் எவ்வளவெண்டு அதுக்கே தெரியாமல் போகும். முப்பது இருக்கெண்டு சொல்லிக்கொண்டே செத்துப்போகும்."

விளக்கம் மிகத் தெளிவாக இருந்தது. இவன் இருபத்தெட்டு எடுத்தது எப்படி என்று ரீச்சருக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. அந்த வருசம் வினாத்தாள் கடினம்தான் என்று மனதுக்குள் சமாதானம் சொன்னார்.

"அப்ப என்ன செய்யிறது? இன்னும் பன்னிரண்டு நாள்தான் கிடக்கு."

ஆரூரன் கடை வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "வெயிலிலை வையுங்கோ. சார்ஜிலை போட்டபடி வீடியோ ஓட்டுங்கோ. முழுக்க இறக்கி முழுக்க ஏத்துங்கோ. சூடுதான் பற்றறிக்கு எமன். பத்து நாளிலை எழுபத்தொன்பதுக்குக் கொண்டுவந்திடலாம்."

"ஆரூரன்!"

"ஏன் ரீச்சர்? சோதினைக்கு முதல் எங்களுக்கு இரண்டு கிழமை விசேட வகுப்பு வைச்சனீங்கள்தானே. உதுவும் அப்பிடித்தான். அப்ப ஏத்தினீங்கள். இப்ப இறக்கவேணும்."

ரீச்சர் போனைப் பறித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பிவிட்டார். அவர் வாழ்நாளில் ஒரு பிள்ளைக்கு அரைப் புள்ளி கூட்டியதில்லை, குறைத்ததில்லை. அதிபரின் மருமகனுக்கு முப்பத்து நாலரை வந்தபோது முப்பத்தைந்தாக்கச் சொல்லி அதிபரே வீட்டுக்கு வந்து மிக்ஸர் தந்தார். ரீச்சர் மிக்ஸரை வாங்கினார், புள்ளியைத் தொடவில்லை. அப்படிப்பட்டவர் ஒரு போனைத் திட்டமிட்டு ஃபெயில் ஆக்குவதா?

நேர்மையாக அளப்பது என்று முடிவெடுத்தார். அளந்து, ஆதாரத்தோடு போனால் எந்தக் கம்பனியும் மறுக்க முடியாது. எண்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுத்துக் கோடு போட்டார். நேரம், வீதம், செய்த வேலை, அறையின் வெப்பம். நூறிலிருந்து பூச்சியம் வரைக்கும் மூன்று தடவை இறக்கி, சராசரி காண்பது திட்டம். வாங்கும்போது பெட்டியில் பதினொரு மணித்தியாலம் என்று போட்டிருந்தார்கள். முதல் தடவை ஆறு மணித்தியாலமும் பத்து நிமிடமும் நின்றது. இரண்டாம் தடவை ஐந்து ஐம்பது. வரைபுத்தாளில் வளைகோடு கீறி, சாய்வுவிகிதம் கண்டு, அச்சுக்களுக்குப் பெயரும் எழுதினார்.

இந்த வேலையில் அப்புத்துரையும் மாட்டுப்பட்டார். ரீச்சர் தோயப் போகும்போதும் சமைக்கும்போதும் திரை அணையக் கூடாது, எதையாவது ஓடவிட்டுக்கொண்டு பக்கத்தில் இருக்கவேண்டும் என்று கட்டளை. அவர் முதலில் பஞ்சாங்கம் பார்த்தார். அது அசையாதது, பற்றறியை இறக்காது என்று ரீச்சர் மறுத்துவிட்டார். பிறகு விரல் எங்கோ பட்டு, யாரோ ஒரு வெள்ளைக்காரர் துருப்பிடித்த பழைய உழவு மெசினைக் கழற்றிப் பூட்டுகிற வீடியோ வந்தது. அப்புத்துரை கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன்பிறகு அவரை எழுப்ப முடியவில்லை. சார்ஜில் போட்டால் வயரோடு சேர்ந்து அவரும் சுவரோரம் போய் இருந்தார். வெங்காயம் ஒரு நாள் பிந்திப் பிடுங்கப்பட்டது.

நாலு நாள் முடிந்தது. ரீச்சர் ஆரூரன் காட்டிய இடத்தைத் தட்டிப் பார்த்தார். எண்பத்தொன்று.

"நேர்மையாப் போனால் ஒரு வருசம் எடுக்கும்," என்றார் தனக்குத்தானே.

அன்று பின்னேரம் குழுவில் தியாகலிங்கம் மறுபடியும் எழுதினார். ஊர் நிகழ்வுகளைக் காட்டுவதற்கு ஒரு குழு அமைத்து, பொறுப்பான இளைஞர் ஒருவரிடம் ஒப்படைத்தால் என்ன என்று. பதினாறு பேர் பெருவிரலை உயர்த்தியிருந்தார்கள். ஜெயந்தாவும் உயர்த்தியிருந்தாள். ரீச்சர் பதினாறு பெயரையும் இரண்டுமுறை வாசித்தார். அதில் ஒன்பது பேர் அவரிடம் படித்தவர்கள்.

அடுத்த நாள் காலை போன் கிணற்றுக்கட்டில் வெயிலில் கிடந்தது.

"வெயிலிலையெல்லோ கிடக்கு," என்றார் அப்புத்துரை.

"கிடக்கட்டும். நான் ஒண்டும் செய்யேல்லை. நானும் தோட்டத்துக்குப் போனால் வெயிலிலைதானே நிக்கிறனான். சாதாரணப் பாவனை."

சாதாரணப் பாவனை என்ற சொல்லை அவர் உத்தரவாத அட்டையிலிருந்து எடுத்திருந்தார். அதற்குள் ஏறக்குறைய எல்லாம் அடங்கியது. கூரைத் தகரம் சாதாரணப் பாவனை. சார்ஜில் போட்டு, டோர்ச்சை எரியவிட்டு, தலையணைக்குக் கீழே வைப்பது சாதாரணப் பாவனை. போன் திரையில், 'கருவி சூடாக உள்ளது, ஆறவிடவும்' என்று எழுத்து வந்தபோது, "இன்னும் அரை மணித்தியாலம்," என்று அதனிடம் சொல்லிவிட்டு ரீச்சர் பருப்புக் கறிக்குத் தாளித்தார். எண்பத்தொன்று எண்பத்தொன்றாகவே நின்றது. இப்படி ஒரு பிள்ளை வகுப்பில் இருந்திருந்தால் அவர் பெருமைப்பட்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை சாட்டிக் கடற்கரைக்குப் போகலாம் என்ற யோசனை அவருக்கு அரிசி களையும்போது வந்தது. வெயிலுக்கு வெயில், வீடியோவுக்கு வீடியோ. காலை எட்டு மணிக்கே அப்புத்துரையின் மோட்டார்சைக்கிளில் போய் இறங்கினார்கள். ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் போனைத் தடியோடு கட்டி, பக்கத்தில் தொங்கவிட்ட பவர் பாங்கை அதில் செருகி, கடலைப் பார்க்க வைத்து, நேரலையை அழுத்தினார். நேரலைக்குத் தலைப்பு வேண்டும் என்று போன் கேட்டது. 'கடல்' என்று போட்டார்.

பிறகு இருவரும் ஒரு கொட்டிலின் கீழே போய் இருந்து, கொண்டுவந்த புட்டைச் சாப்பிட்டார்கள்.

பத்து மணிக்குப் போய்ப் பார்த்தபோது நூற்று நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லாச்சியின் செத்தவீட்டுக்குக்கூட அறுபது பேர்தான். கடலில் ஒன்றும் நடக்கவில்லை. அலைகூடப் பெரிதாக இல்லை. ஒஸ்லோவிலிருந்து ஒருவர், 'இஞ்ச பனி கொட்டுது. உதை நிப்பாட்டிப் போடாதேங்கோ' என்று எழுதியிருந்தார். தியாகலிங்கம் பாரிசிலிருந்து, 'இடது பக்கம் ஒரு ஆடு மறைக்குது, அதைக் கலையுங்கோ' என்று எழுதினார். அதற்கு ஜெயந்தா, 'ஆட்டை விடுங்கோ, ஆடு நல்லாயிருக்கு' என்று எழுதினாள். அரை மணித்தியாலத்தில் குழு இரண்டாகப் பிரிந்தது. ஆடு நிற்கவேண்டும் என்றவர்களும் ஆடு போகவேண்டும் என்றவர்களும் பழைய காணிப் பிரச்சினைகளையெல்லாம் வெளியே எடுத்தார்கள். ஆட்டைப் பற்றி முடிவெடுக்க ஐந்து பேர் கொண்ட குழு அமைக்கப்படுவதற்குள் ஆடு தானாகவே போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி ஒரு தரப்பு கேட்டது.

நாலு மணிக்கு ரீச்சர் நேரலையை நிறுத்தியபோது போன் தோசைக்கல்லாகக் கொதித்தது. சேலைத் தலைப்பால் பிடித்துத்தான் தூக்கவேண்டியிருந்தது. நன்றி, நன்றி என்று செய்திகள் வந்து குவிந்தன. ஒவ்வொரு ஞாயிறும் இப்படிக் காட்டமுடியுமோ என்று கேட்டிருந்தார்கள். பொறுப்பான இளைஞரைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. ஒரு பொருளைச் சாகடிக்கச் செய்த வேலைக்கு இவ்வளவு நன்றி வருவதைப் பார்க்க ரீச்சருக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சத்தோடு அந்த இடத்தைத் தட்டிப் பார்த்தார்.

எண்பது.

திங்களும் எண்பது. செவ்வாயும் எண்பது. புதன்கிழமை உத்தரவாதத்தின் கடைசி நாள். விடிய எழும்பிப் பார்த்தார், எண்பது. எண்பது, எண்பதுக்குக் கீழே இல்லை. இந்த வேறுபாட்டை முப்பத்தொரு வருசம் பிள்ளைகளின் தலையில் குட்டிக் குட்டிப் படிப்பித்தவர் அவர்தான்.

ஆனால் தமிழில் 'விஞ்சாதவிடத்து' என்றுதானே கிடந்தது? அட்டையை எடுத்தார். கண்ணாடியைப் போட்டார். விஞ்சாதவிடத்து! எண்பது எண்பதை விஞ்சுமா? விஞ்சாது. கணிதப்படி விஞ்சாது, தமிழ்ப்படி விஞ்சாது. ரீச்சர் கொப்பி, வரைபுத்தாள், அட்டை, பில் எல்லாவற்றையும் பைக்குள் வைத்தார்.

"வெளிக்கிடுங்கோ. யாழ்ப்பாணம் போறம்."

கம்பனியின் கிளை, யாழ்ப்பாண நகரில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. உள்ளே குளிர் ஊசியாகக் குத்தியது. இலக்கத் துண்டு எடுத்து ஒரு மணித்தியாலம் இருந்தபிறகு கவுண்டரில் கூப்பிட்டார்கள். அங்கிருந்த பிள்ளையின் சட்டையில் துசாரா என்று பெயர் குத்தியிருந்தது.

"சொல்லுங்கோ அன்ரி."

ரீச்சருக்கு அன்ரி என்றால் பிடிக்காது. இருந்தாலும் விசயத்தைச் சொன்னார். துசாரா போனை வாங்கித் தட்டிப் பார்த்தாள்.

"எண்பது காட்டுது அன்ரி. எண்பதுக்குக் கீழ இருந்தால்தான்."

"பிள்ளை, இந்த வசனத்தை வாசியும்."

துசாரா வாசித்தாள். விஞ்சாதவிடத்து என்ற இடத்தில் நாக்குத் தடக்கியது.

"அப்பிடியெண்டால் என்ன அன்ரி?"

ரீச்சர் எதிர்பார்த்திருந்த கேள்வி. கவுண்டரில் கிடந்த ஒரு படிவத்தைப் புரட்டி, பின்பக்கத்தில் ஓர் எண்கோடு கீறினார். கையால் கீறிய கோடு அடிமட்டம் வைத்ததுபோல் நேராக வந்தது. எண்பதில் ஒரு வட்டம் போட்டார். "கீழ எண்டால் வெறும் வட்டம். எண்பது சேராது. விஞ்சாதது எண்டால் வட்டத்தை நிரப்பவேணும். எண்பதும் சேரும். நான் கொண்டுவந்த போன் இந்தக் கறுப்பு வட்டத்துக்கு மேலை இருக்குது."

வரிசையில் நின்றவர்கள் கிட்ட வந்து எட்டிப் பார்த்தார்கள். "அப்ப அந்த வட்டம் நிரப்பினால் எண்பதும் உள்ளுக்கோ?" என்று ஒருவர் கேட்டார். ரீச்சர் அவருக்கும் விளங்கப்படுத்தினார். அவர் தலையாட்டி, பின்னால் நின்றவருக்கு விளங்கப்படுத்தினார்.

"எனக்கு விளங்குது அன்ரி," என்றாள் துசாரா. பாவம், உண்மையிலேயே விளங்கித்தான் இருந்தது. "ஆனால் அடியிலை பாருங்கோ." அட்டையின் அடியில், தூசி விழுந்ததோ என்று நினைக்கத்தக்க எழுத்தில் ஒரு வரி. மொழிகளுக்கிடையில் முரண்பாடு வந்தால் ஆங்கிலமே செல்லும் என்று. அந்த வரி ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. தமிழ் வசனம் செல்லாது என்ற செய்தியைத் தமிழில் சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லைப் போலும்.

ரீச்சர் கொப்பியைத் திறந்தார். வரைபுத்தாளை விரித்தார். சாய்வுவிகிதத்தை விளக்கத் தொடங்கினார். வரிசை நீண்டுகொண்டே போனது. துசாரா கையை உயர்த்தினாள்.

"எதுக்கும் எங்கடை மெசினிலை ஒருக்காப் போட்டுப் பாப்பம் அன்ரி."

போனை ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியில் செருகினாள். பெட்டி இரண்டு நிமிடம் முனகியது. துசாரா தன் திரையைப் பார்த்தாள்.

"எழுபத்தொண்டு."

"என்னது?"

"எழுபத்தொண்டு அன்ரி. மாத்தலாம். ஒரு பிரச்சினையும் இல்லை. போன் தானே காட்டுறது சும்மா ஒரு கணக்கு. நாங்கள் உதைப் பாக்கிறேல்லை."

"அப்ப பன்னிரண்டு நாளுக்கு முதலே கொண்டுவந்திருந்தால்?"

"அப்பவே இதிலை போட்டுப் பாத்திருப்பம்."

"கீழ இல்லாட்டி வரவேண்டாமெண்டு போனிலை ஒரு பிள்ளை சொன்னதே?"

"அவ கொழும்பிலை இருக்கிறா அன்ரி." இது எல்லாவற்றுக்கும் போதுமான விளக்கம் என்பதுபோல் துசாரா சொன்னாள்.

ரீச்சர் கொப்பியைப் பார்த்தார். பன்னிரண்டு நாள், பதினேழு பக்கம், மூன்று வளைகோடு. எல்லாம் பிழையான அடிமட்டத்தால் சரியாக அளந்தது. செத்தவீட்டன்றே போன் எழுபத்தொன்றில் இருந்ததா, இல்லை எண்பத்திரண்டில் இருந்ததைக் கிணற்றுக்கட்டிலும் கூரைத் தகரத்திலும் சாட்டியிலும் போட்டு வாட்டித் தான்தான் எழுபத்தொன்றுக்குக் கொண்டுவந்தாரா? அதை இனி எந்தச் சமன்பாடும் சொல்லப்போவதில்லை. குற்றம் செய்தேனா என்பதே தெரியாமல் நிற்பது, குற்றம் செய்ததைவிட அந்தரமாக இருந்தது.

துசாரா ஒரு படிவத்தை நீட்டினாள். ஆங்கிலத்தில் ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓம், இல்லை என்று இரண்டு பெட்டி. மூன்று வரைக்கும் ரீச்சரின் பேனை தயங்காமல் போனது. நாலாவது, கருவியை நேரடி வெயிலில் வைத்ததுண்டா? ஐந்தாவது, சார்ஜில் இருக்கும்போது தொடர்ந்து பாவித்ததுண்டா?

பேனை நின்றது. பிறகு இரண்டுக்கும் 'ஓம்' பெட்டியில் சரி போட்டார்.

துசாரா பதறிப்போனாள். "ஐயோ அன்ரி, உதுக்கு இல்லை எண்டெல்லோ போடவேணும்!"

"வைச்சனான் பிள்ளை. பாவிச்சனான்."

"எல்லாரும்தான் வைக்கிறது. ஓமெண்டு போட்டால் சிஸ்ரம் எடுக்காது. இல்லையை அமத்தினால்தான் அடுத்த பக்கம் திறக்கும்."

"அப்ப பிறகேன் கேள்வி?"

"கேள்வி கேக்கத்தானே வேணும் அன்ரி."

துசாரா வேறு படிவம் ஒன்றை எடுத்து வைத்தாள். ரீச்சர் அதைத் தொடவில்லை. பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார். யாரோ இருமினார். ரீச்சர் கைப்பைக்குள் கைவிட்டு, ஒன்றையும் எடுக்காமல் கையை வெளியே எடுத்தார். எண்பதுக்கும் எழுபத்தொன்றுக்கும் இடையில் எங்கேயோ அவர் நின்றுகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கடலுக்காக நூற்று நாற்பது பேர் காத்திருந்தார்கள். படிவத்தில் ஏழு வெறும் பெட்டிகள் இருந்தன.

"பில் ஐயாவின்ர பேரிலைதானே கிடக்கு?" என்றாள் துசாரா தாள்களைப் புரட்டி. போன் வாங்கிய அன்று ரீச்சர் அடையாள அட்டையை வீட்டில் விட்டுவிட்டுப் போனதால் அப்புத்துரையின் பெயரில்தான் பில் போட்டிருந்தார்கள். "அப்ப ஐயாதான் நிரப்பவேணும்."

மூலையில் கதிரையில் குளிரில் ஒடுங்கி இருந்த அப்புத்துரை எழும்பி வந்தார். பேனையை வாங்கினார். ஏழு கேள்விக்கும் 'இல்லை' என்ற பக்கத்தில், மேலிருந்து கீழே, வெங்காயம் நடுகிற மாதிரி ஒரே சீரான இடைவெளியில் ஏழு சரி போட்டுக் கையெழுத்தும் வைத்தார்.

அந்த ஏழு சரியும் விழும்வரை ரீச்சர் ஜன்னலுக்கு வெளியே, எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுப் பற்றறி போட இரண்டு மணித்தியாலம் எடுக்கும் என்றார்கள். கீழே தெருவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்தார்கள். அப்புத்துரை இரண்டு வடைக்குச் சொன்னார். ரீச்சர் தனக்கு வேண்டாம் என்றார்.

"நீங்கள் உழவு மெசின் பாத்தது சார்ஜிலை போட்டபடிதானே?" என்றார் ரீச்சர், வடை வந்தபிறகு.

"ஓம். சுவரோரம் இருந்து."

"அப்ப அஞ்சாவது கேள்விக்கு நீங்கள் பொய் சொல்லிப்போட்டியள்."

அப்புத்துரை வடையை இரண்டாகப் பிய்த்துச் சம்பலில் தோய்த்தார்.

"இஞ்சாரும், கேள்வியெல்லாம் இங்கிலிசிலையெல்லோ கிடந்தது. எனக்கென்ன தெரியும்? நீர் இல்லையிலை போடாமல் நிக்கிறீர், அந்தப் பிள்ளை இல்லையிலை போடச் சொல்லுது. வரிசையிலை சனம் நிக்குது. நான் போட்டிட்டன்."

ரீச்சர் அதில் பிழை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தார். தேடத் தேடத் தேத்தண்ணி ஆறிப்போனது. அதைக் குடித்துவிட்டு, அப்புத்துரையின் தட்டில் மிச்சமிருந்த மற்ற வடையை எடுத்து, சம்பல் இல்லாமலே சாப்பிடத் தொடங்கினார்.